வீட்டு வேலைக்கு ஆள் விடும்போது ரேட்டைப் பேசாதீர்கள், அளவைப் பேசுங்கள்

எங்கள் அம்மாவின் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. கீழே அம்மா, மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். நான் இருப்பது புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, கடலூர் வீட்டில் மாடி ஹாலில் ஃபேன் கம்பி வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குடியிருந்தவர்கள் பாத்திரம் வைத்துப் பிடித்தார்கள், அம்மா போன் பண்ணி அழுதார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தண்ணீர் வடிந்த அடுத்த வாரமே, முதலில் வந்த காண்ட்ராக்டரிடம் 78,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு 40,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு ஆள் வந்தார்கள், தளத்தைக் கழுவி வெள்ளையாக ஒரு கெமிக்கலை இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார்கள், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. சித்திரையில் பெய்த ஒரே ஒரு கோடை மழைக்கே பழைய இடத்தில் மறுபடி ஓதம் காத்துவிட்டது.

அந்த 40,000 போனது போனதுதான். அடுத்த ஆடியில் அதே தளத்துக்கு வேறொரு மேஸ்திரியை வைத்து வேலை செய்தபோது என்னென்ன கேட்டேன், எப்படிப் பேசினேன், எதில் விட்டுக்கொடுத்தேன் என்பதை எழுதுகிறேன். தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நம்மிடம்தான் பேச்சு சுலபமாகத் திசைமாறும்.

முதலில் நேரம். புயல் அடித்த வாரத்தில் யாரிடமும் பெரிய வேலை பேசாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இதே கரையில் ஏறி அடித்துவிட்டுப் போனபோது கடலூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், தார்ப்பாய்க்கும் ஷீட்டுக்கும் ஆளுக்கும் எப்படி அலைந்தோம் என்று. அந்த நேரத்தில் தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள், கரண்ட் லைனில் தண்ணீர் இறங்கினால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை மட்டும் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கலாம். ஊறிப்போன ஈரத் தளத்தின் மேல் அடிக்கிற பெரும்பாலான பூச்சு சரியாகப் பிடிக்காது என்பது இன்னொரு காரணம்.

நல்ல நேரம் ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. நம் பக்கத்தில் ஆடியில் புது வீட்டுக்கு வாசக்கால் வைக்க மாட்டார்கள், பூஜை போட மாட்டார்கள், அதனால் நல்ல மேஸ்திரிகளுக்கும் கையில் வேலை குறைவாக இருக்கும். ரிப்பேர் வேலைக்கு நல்ல நாள் பார்ப்பவர்கள் குறைவு. சித்திரையில் "ஆள் இல்லீங்க" என்று சொன்ன அதே மேஸ்திரி ஆடி இரண்டாம் வாரத்தில் தானே போன் பண்ணி "பார்க்கலாமா" என்று கேட்டார். சாயங்கால இடி மழை வரத்தான் செய்யும், ஆனால் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

அடுத்தது, ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள். சீலிங்கில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள், தண்ணீர் கம்பியோடு ஓடி நாலு அடி தள்ளிக்கூட இறங்கும். காய்ந்த நாளில் ஹோஸ் பைப்பைப் பிடித்து முதலில் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, அப்புறம் மழைத்தண்ணீர் குழாயின் வாய், அப்புறம் டேங்க் மேடை, கடைசியாக நடுத்தளம் என்று ஒவ்வொரு இடமாக அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக் கீழே ஒருவரை நிற்க வைத்தேன். எங்கள் வீட்டில் மேற்கு மூலையும் குழாய் வாயும்தான் முக்கியமான கோளாறு, நடுவில் தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான சுட்ட ஓடு) ஏழெட்டு இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் ஆள் இதில் எதையும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடற்காற்று படும் வீடு என்றால் இன்னொன்றும் பாருங்கள்: சீலிங்கிலோ சன்ஷேடிலோ கோடு விட்டு விரிந்து காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது மேலே டைல்ஸ் போட்டு மறைக்கிற வேலையே இல்லை, அதற்கு முதலில் ஒரு சிவில் இன்ஜினியருக்குப் பணம் கொடுத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவரிடம் வேலையைக் கொடுக்காமல் பார்க்க மட்டும் பணம் கொடுங்கள். வேலை எடுக்கிறவரே பார்த்துச் சொன்னால், அவருக்குத் தெரிந்த வேலையைத்தான் சொல்வார்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"பழைய தட்டோடு முழுக்கக் கொத்தி எடுத்து, ரப்பிஷ் மாடியிலிருந்து இறக்கி வண்டியில் வெளியே போக வேண்டும். தளத்தில் வெடிப்புகளை 'வி' மாதிரி வெட்டி அடைக்க வேண்டும். சுவர் மூலை முழுக்க உருட்டிப் பூச வேண்டும். வாட்டர் புரூஃப் கெமிக்கல் என்ன பிராண்ட், எத்தனை கோட், எழுத வேண்டும். வரப்பு கட்டி 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும். வாட்டம் 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். அதற்கு மேல் கூலிங் டைல்ஸ். தண்ணீர், கரண்ட் நாங்கள். சாமான் ஏற்றுகூலி உங்களுடையது."

இதை மூன்று ஜெராக்ஸ் எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து, இதற்குத்தான் ரேட் வேண்டும் என்றேன். ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு அப்புறம் வரவே இல்லை. மற்ற இரண்டு பேரில் ஒருவர் சதுர அடி 82 என்றார், ரப்பிஷ் தனி, ஏற்றுகூலி தனி என்று கடைசியில் சொன்னார். இன்னொருவர் 95, எல்லாம் சேர்த்து. தாள் இல்லாவிட்டால் 82-தான் மலிவு என்று அவரிடம் போயிருப்பேன்.

95 சொன்ன அந்த மேஸ்திரி வந்தபோது வாசலிலேயே "மேடம், வீட்ல சார் இருந்தா ஒரு வார்த்தை பேசிடலாம்" என்றார். "வீடு எங்கம்மாது மேஸ்திரி, பேசறது நான்தான், காசு கொடுக்கிறதும் நான்தான்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, மறுநாளிலிருந்து "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார். இதை ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

இப்போது அளவு. இங்கேதான் பணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேஸ்திரி டேப்பை எடுத்துக் கைப்பிடிச் சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்குப் பிடித்தார், படிக்கட்டு அறையையும் சேர்த்தார், சுவரின் உள்பக்கத்தை முழு உயரத்துக்கும் கூட்டினார், சிகரெட் அட்டையின் பின்னால் 1,140 என்று எழுதினார். நான் கீழே போய் அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் கிடந்த பழைய இரும்பு டேப்பை எடுத்து வந்தேன். "எல்லாரும் இப்படித்தான் அளக்கிறது அக்கா" என்றார். "சரி மேஸ்திரி, நீங்க அந்த முனையைப் பிடிங்க, ஒருக்கா சேர்ந்து அளந்துடலாம்" என்றேன். உள்சுவருக்கு உள்சுவர் 36 அடி, இந்தப் பக்கம் 24. அது 864. படிக்கட்டு அறை நிற்கிற இடம் 12-க்கு 8, அங்கே தளமே இல்லை, அதனால் 96 போக 768. சுவர் ஓரமாக ஒரு அடி உயரத்துக்கு மட்டும் கெமிக்கல் ஏற வேண்டும், சுற்றளவு 120 அடி, அதைச் சேர்த்தால் 888. அவரும் கூட்டிப் பார்த்தார், தலையாட்டினார்.

கணக்கைப் பாருங்கள். 1,140-ஐ ஒப்புக்கொண்டு ரேட்டில் 5 ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் கெஞ்சியிருந்தால் எனக்கு மிச்சம் 5,700. ரேட்டைத் தொடாமல் 95-க்கே சரி என்று சொல்லி அளவை மட்டும் சரி பண்ணியதில் மிச்சம் 23,940. அவருக்கும் அவமானமில்லை, ஏனென்றால் அவர் கேட்ட ரேட்டை நான் குறைக்கவில்லை. ரேட்டைக் குறைத்தால் அந்தக் குறை எங்கே போகும் என்று யோசியுங்கள்: கெமிக்கல் இரண்டு கோட் ஒரு கோட் ஆகும், கலவையில் சிமெண்ட் குறையும், பெரியாள் வர வேண்டிய இடத்தில் கற்றுக்கொள்ளும் பையன் வருவான். ஆள் கூலியும் டீ செலவும் அவருக்குக் குறையாது. அதனால் நான் ரேட்டுக்குப் பேரம் பேசுவதே இல்லை. என் கையில் இருக்கிற தொகை பத்தாவிட்டால் "இதுக்குள்ள முடிக்கணும்னா எதை விடலாம், சொல்லுங்க" என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு நல்ல மேஸ்திரி உண்மையான பதில் சொல்வார். பின்பக்க சன்ஷேடை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னது அவர்தான்.

சாமான் அளவுக்கும் ஒரு கணக்குத் தெரிந்து வைத்திருங்கள். 12 மில்லிமீட்டர் கனத்தில் 1-க்கு 4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) பூசினால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட், அதாவது 50 கிலோ, போகும். 900 அடிக்கு வேலை என்று சொல்லி நாலு மூட்டை மட்டும் வந்து இறங்கினால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்று அச்சடித்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசு வேண்டாம், கடலோர ஈரத்தில் சீக்கிரம் கட்டி தட்டும். எம் சாண்ட் யூனிட் கணக்கில் வரும், ஒரு யூனிட் 100 கன அடி. வண்டி வந்ததும் கொட்டுவதற்கு முன்னால் ஏறிப் பாருங்கள்.

பணம் கொடுப்பது

முதல் தடவை பாதிக்கு மேல் அட்வான்ஸ் கொடுத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. கொடுத்த பிறகு அவருக்கு நம் வீட்டுக்கு வர எந்தக் காரணமும் இல்லை, அடுத்த வீட்டு அட்வான்ஸ்தான் கண்ணில் தெரியும். இந்தத் தடவை 888 அடிக்கு 95 வீதம் வந்த 84,360-ஐ இப்படிப் பிரித்தேன்: ஆரம்பிக்கும்போது 10,000. பழைய தட்டோடு எடுத்து ரப்பிஷ் வெளியே போனதும் 20,000. கெமிக்கல் அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை என்று பார்த்ததும் 25,000. டைல்ஸ் முடிந்ததும் 20,000. மீதி 9,360 ஐப்பசி மழை பார்த்துவிட்டு, கார்த்திகை முடிவதற்குள்.

"பத்தாயிரத்துல மெட்டீரியலே எடுக்க முடியாதுக்கா" என்றார். அது நியாயமான பேச்சு, அவரிடம் முதல் இருக்காது. அதற்கு வழி, சாமானுக்கான பணத்தை அவர் கையில் கொடுக்காமல் அவர் சொல்லும் ஹார்டுவேர் கடைக்கே நேராக அனுப்பிவிடுவது. பில் நம் பெயரில் வரட்டும், அந்தத் தொகையை அவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கெமிக்கல் டின்னை நான் சொன்ன பிராண்டுதானா என்று பார்த்து, மூடி திறக்காமல் மாடிக்கு ஏற்றச் சொன்னேன், காலி டின்னையும் வேலை முடியும்வரை தூக்கிப்போட விடவில்லை.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று சனிக்கிழமை. நம் ஊரில் கட்டட வேலைக்குச் சம்பளப் பட்டுவாடா சனிக்கிழமை சாயங்காலம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைக்குக் கூலி கொடுக்க முடியாவிட்டால் மேஸ்திரியால் திங்கட்கிழமை ஆளைக் கூப்பிட முடியாது, வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், உங்கள் வேலை அப்படியே நிற்கும். அதனால் ஒவ்வொரு கட்டமும் வெள்ளி அல்லது சனி காலையில் முடிகிற மாதிரி அவரோடு உட்கார்ந்து நாளைப் பிரித்துக்கொண்டேன், வேலை முடிந்தால் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் பணம் போய்விடும் என்று சொன்னேன், ஒரு வாரம்கூடத் தவறவில்லை. "மீதியைக் கார்த்திகை வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கறேன்" என்று நான் கேட்டதை அவர் ஒத்துக்கொண்டது இதற்காகத்தான். காசு இழுத்தடிக்கிற வீடுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள்.

கூடுதல் வேலை என்று ஒன்று கட்டாயம் வரும். தட்டோடு எடுத்த பிறகு டேங்க் மேடைக்கு அடியில் தளம் உளுத்துப் போயிருந்தது, அது யாருக்கும் முன்னால் தெரியாது. நாங்கள் பேசி வைத்தது: எது கூடுதலோ அதைப் போட்டோ எடுத்து, இவ்வளவு ஆகும் என்று வாட்ஸப்பில் போட வேண்டும், நான் "சரி" என்று எழுதினால்தான் கை வைக்க வேண்டும். வாய் வார்த்தையில் சொன்னது எதுவும் கணக்கில் வராது, இரண்டு பக்கத்துக்கும். அந்த மேடைக்கு 3,500 கேட்டார், கொடுத்தேன்.

சாரம் கட்டி வெளிச்சுவர் வேலை செய்வதாக இருந்தால், சவுக்குக் கட்டை வாடகை யாருடையது என்பதை மட்டும் பேசி நிறுத்தாதீர்கள், வேலைக்கு வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தனித்தனி வாரியம் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரிலிருந்து ஒருவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன வழி என்பது நமக்கும் சேர்ந்த கேள்விதான்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டால் எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்தும் கலந்து மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், புதுச்சேரிப் பதிவு 34. சேவை செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பொதுவாகப் பதிவே தேவையில்லை, பதிவில்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது. வெள்ளைத் தாளில் 18 சதவீதம் என்று சேர்த்து எழுதினால் அது வரி அல்ல. சிமெண்டுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 ஆகிவிட்டது, பழைய எஸ்டிமேட்டையே யாராவது நீட்டினால் இதைச் சொல்லுங்கள்.

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால், அதன் மேல் சிமெண்ட் காங்கிரீட் போட்டு விடுகிறேன் என்று சொல்பவரை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். பாரமும் ஏறும், ஈரமும் உள்ளே மாட்டிக்கொண்டு உத்தரம் உளுக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் வேண்டும், அவர்கள் ரேட் கூடத்தான் இருக்கும், பாரம்பரிய வீடுகளைப் பழுது பார்த்த அனுபவம் உள்ளவர்களைப் பற்றிப் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக்கின் (INTACH) புதுச்சேரி கிளையில் விசாரிக்கலாம்.

சின்ன வேலைகளில் இவ்வளவு வேண்டாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்னாலேயே போனில் வருகைக் கட்டணம் எவ்வளவு, அது கூலியில் கழியுமா என்று கேட்டுவிடுங்கள், மாற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள். ஏசியில் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்றால் எங்கே லீக் என்று காட்டிவிட்டு அப்புறம் நிரப்பச் சொல்லுங்கள், கேஸ் தானாகக் குறையாது, கடற்காற்றில் கேஸ் ஓடும் சுருள் குழாய் (coil) அரித்திருக்கும், அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடைக்குள் மறுபடி கூப்பிடுவீர்கள்.

வேலை நடுவில் ஒத்து வராவிட்டால் சண்டை போடாதீர்கள். அதுவரை முடிந்ததை இரண்டு பேரும் அளந்து, அதற்குரிய பணத்தைக் கொடுத்து, கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்கிப் பிரிந்துவிடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வராமலே போய்விட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, கடலூரிலும் புதுச்சேரியிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் அங்கே காட்ட ஏதாவது வேண்டும். என் முதல் 40,000-க்கு என்னிடம் ஒரு ரசீதுகூட இல்லை, ரொக்கமாகக் கொடுத்திருந்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை பஸ் பிடித்துப் போய், மாடி வீட்டில் கேட்டுவிட்டு ஹால் சீலிங்கில் ஸ்டூல் போட்டு ஏறிக் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மேற்கு மூலையும் காய்ந்திருந்தது. அங்கிருந்தே 9,360 அனுப்பிவிட்டு மேஸ்திரிக்குப் போன் பண்ணினேன். "குழாய் வாயில வேப்பிலை அடைக்காம பார்த்துக்கோங்கக்கா, வாரத்துக்கு ஒருக்கா அம்மாவை எடுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, அதனால் குடியிருக்கும் பையனிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் போட்டோ அனுப்புகிறான்.